இடது பக்கம் ஒரு சொடுக்கு

அக்டோபர் 7, திங்கள்

இன்று நான் சொல்லாதது: என் ஹெட்போனின் இடது கீலில் விரிசல் விட்டிருக்கிறது.

சொல்வதற்கு வசதியான நேரம் ஒன்று வாய்க்கவே செய்தது. காலையில் எங்கள் ஒலிநூல் மையத்தை நடத்தும் ஜெசிந்தா மேடம் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "ஒரு நல்ல மனுஷர் நம்ம மையத்துக்குப் புது ஹெட்போன் ஆறு வாங்கிக் குடுத்திருக்கார். யாரோட பழசு சரியில்லயோ எடுத்துக்கோங்க" என்றார். எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். கண் மட்டும் என் கழுத்தில் தொங்கியதன் மேல் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன பொருள் என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

பதிவுகளை வெட்டி ஒட்டும் ரஃபீக் விடவில்லை.

"ஹெல்மெட்ட மாத்தலையா சிந்து?"

"தலைக்குப் பழகிருச்சு."

"தலைக்குப் பழகிருச்சா, தலையாவே ஆயிருச்சா?"



அக்டோபர் 8, செவ்வாய்

விடுப்பு. காலை முழுவதும் கீல் வேலை.

இதை வாங்கியபோது கல்லூரி இரண்டாம் ஆண்டு. காந்திபுரத்துக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றையாக இருந்தது. "இந்த மாடல் நின்னுபோச்சும்மா, ஸ்பேர் கெடைக்காது" என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். எனக்கு அதை அங்கே விட்டுவர மனம் வரவில்லை. ஒன்பது வருடம் ஆயிற்று. வயர் இரண்டு முறை மாறிவிட்டது. தலைப்பட்டைக்குள் இருப்பது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து வெட்டியது. காதுத் திண்டுகள் மூன்றாம் தலைமுறை. இத்தனைக்குப் பிறகும் அது அதேதானா என்று ரஃபீக் கேட்பான். காதில் வைத்துப் பார்த்தால் கேட்கமாட்டான்.

புதியவை எல்லாக் குரலுக்கும் தேன் தடவித் தருகின்றன. பாட்டுக்கு அது நல்லது. என்னுடையது எதையும் அழகாக்காது. மூச்சு, எச்சில் விழுங்குவது, தாள் புரட்டுவது, இரண்டு தெரு தள்ளிப் போகும் கீரைக்காரம்மா, எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து வைக்கும். என் வேலைக்கு அதுதான் தேவை.

விரிசலில் பசை விட்டேன். மேலே வெள்ளை நூலை இருபது சுற்றுச் சுற்றி மறுபடி பசை. மாவுக்கட்டுப் போட்ட முழங்கை மாதிரி இருக்கிறது. கல்லாக இறுகிவிட்டது. இனிக் கவலையில்லை.

அக்டோபர் 9, புதன்

திருமூர்த்தி புதுப் புத்தகம் ஆரம்பித்திருக்கிறார். கூட்டுறவு மேலாண்மை, பதினாறு அத்தியாயங்கள். நவம்பர் கடைசியில் தேர்வு. பார்வையற்ற மாணவர்கள் இருபத்து மூன்று பேர் இந்தப் பதிவை நம்பி இருக்கிறார்கள்.

அச்சுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்கள் இருப்பதுபோல நான் குரலுக்குப் பார்க்கிறேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டு, நிமிடமும் நொடியும் போட்டுத் தவற்றைத் துண்டுச்சீட்டில் குறிப்பேன். வாசித்தவர் அடுத்த முறை வரும்போது அந்த இடத்தைத் திரும்ப வாசிப்பார். சீட்டில் என் பெயர் இருக்காது, ‘கே-3’ என்று மட்டும் இருக்கும். கேட்பவர் மூன்று. முன்பு ஒரு வாசிப்பாளர், தன் ழகரத்தில் குறை சொன்ன கேட்பவரைப் படிக்கட்டில் மறித்துச் சண்டை போட்டதிலிருந்து இது மேடம் போட்ட விதி. வாசிப்பவர்கள் மாலை ஆறுக்கு மேல் வருவார்கள். நாங்கள் ஐந்தரைக்குப் போய்விடுவோம். இரண்டு வருடமாகத் திருமூர்த்தியைக் கேட்கிறேன், பார்த்ததில்லை. ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிறவர் என்பது மட்டும் தெரியும். செவ்வாயும் சனியும் வருவார்.

இன்று முதல் அத்தியாயம். கூட்டுறவின் தோற்றமும் வளர்ச்சியும். வேறு யார் வாசித்தாலும் பத்தாவது நிமிடத்தில் கண் செருகும் பாடம். அவர் வாசிக்கும்போது, நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ நாலு விவசாயிகள் ஒன்றுகூடிக் கடன் சங்கம் தொடங்கிய செய்தியில்கூட, அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சொடுக்கு. 4:12, 4:31, 5:07. மெல்லியது. நாக்கோ பல்லோ எழுப்புவதுபோல. மொத்தம் பதினெட்டு இடம். சீட்டில் எழுதினேன்: "வாய்ச் சொடுக்கு. இடது பக்கம். திரும்ப வாசிக்கவும். கே-3."

அக்டோபர் 14, திங்கள்

அவர் சீட்டின் பின்புறத்தில் பதில் எழுதுவார். மற்ற வாசிப்பாளர்கள் எழுதுவதில்லை. எழுதக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை.

"கே-3 சார், வணக்கம். பதினெட்டு இடமும் திரும்ப வாசிச்சுட்டேன். வாட்ச் முள்ளா இருக்குமோன்னு கழட்டி வெச்சுட்டேன். கேட்டுச் சொல்லுங்க. திருமூர்த்தி."

சார்! இரண்டு வருடமாக சார்தான். திருத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

கேட்டேன். திரும்ப வாசித்த இடங்களிலும் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் இருபத்து நான்கு.

அக்டோபர் 16, புதன்

நாற்காலியை மாற்றி முக்காலியில் உட்கார்ந்து வாசித்தாராம். சொடுக்கு போகவில்லை. பதினொன்று.

அக்டோபர் 21, திங்கள்

சீட்டின் பின்புறம்: "கே-3 சார், வாய் காஞ்சா சொடுக்கும்னாங்க. ரெண்டு கொய்யாக்காய் தின்னுட்டு வந்து வாசிச்சிருக்கேன். கூடவே இன்னொண்ணும் சொல்லிக்கறேன். நானும் உங்க கட்சிதான். ஒரு நாளைக்கு அறுபது மோட்டார் ஓடவிட்டு, சத்தத்தை வெச்சே இது தேறும், இது தேறாதுன்னு ஒதுக்கறவன். அந்தச் சத்தத்துல எங்குரல் எனக்கே கேக்காது. இங்க வந்து வாசிக்கற ரெண்டு மணி நேரந்தான் நானும் பேசறேன்னு தெரியும். அதனால குறையிருந்தா தயங்காமச் சொல்லுங்க."

மூன்று முறை படித்தேன். கையெழுத்தைப் பார்க்கத்தான். ‘ணு’ போடும்போது ஒரு சுழி கூடுதலாகப் போடுகிறார்.

கொய்யாக்காய்க்குப் பலனில்லை. பதினேழு இடம்.

ரஃபீக்கைக் கேட்கச் சொன்னேன். அவன் தன் புது ஹெட்போனில் மூன்று முறை ஓடவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சிந்து."

"உன் ஹெட்போன்ல கேக்காது. அது எல்லாத்தயும் மூடி மெழுகிரும்."

"இல்ல, ஒருவேளை உன்னோடது..."

"என்னோடதுன்னா மத்த நாலு பேர் பதிவுலயும் கேக்கணுமில்ல? அவங்களுது சுத்தமா இருக்கே. இவரோடதுல மட்டுந்தான்."

அவன் தோளைக் குலுக்கினான். கதவருகே போய்த் திரும்பி நின்றான். "கேக்கறப்ப என்ன மெல்லுவ? பபிள்கம்மா?"

"நான் எதையும் மெல்லறதில்ல."

"கண்ணாடி வழியாப் பாத்தேனே, வாய் அசைஞ்சுட்டே இருந்துச்சு."

"கொட்டாவியா இருக்கும்."

அக்டோபர் 23, புதன்

மதிய இடைவேளையில் உக்கடம். ஆட்டோ சீட்டுத் தைக்கும் கடையில்தான் என் காதுத் திண்டுகள் தயாராகின்றன. அண்ணனுக்கு என் அளவு மனப்பாடம். "என்ன பாப்பா, ஒலகத்துலயே சின்ன ஆட்டோவுக்குச் சீட்டு வேணுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். இந்தத் தடவை மரூன் நிறத் துணிதான் இருந்தது. ஒரு காது கறுப்பு, ஒரு காது மரூன். கறுப்பைத் தொடாமல், மரூனுக்கு மட்டும் பஞ்சு புதிதாக வைத்துத் தைத்தார். போட்டுப் பார்த்தேன். ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்தது போலவே இருந்தது.

ஐந்தாம் அத்தியாயம், பதினாறு இடம். தொடர்ந்து கேட்டால் ஒன்று தெரிகிறது. பாடம் நன்றாகப் போகும் இடங்களில்தான் சொடுக்கு அதிகம். வெறும் பட்டியல்களில் குறைவு. அவருக்கும் உற்சாகம் வந்தால் வாய் அதிகம் அசையும் போலிருக்கிறது. இதைச் சீட்டில் எழுதினேன்.

அக்டோபர் 28, திங்கள்

"கே-3 சார், நீங்க எழுதினது நூத்துக்கு நூறு. கீழ்வரிசையில இடதுபக்கக் கடவாய்ப்பல் ஒண்ணு, மேல் உறை போட்டது, வேகமா வாசிக்கறப்ப நாக்குல தட்டற மாதிரி இருக்கு. இடது பக்கம்னு நீங்க முதல் சீட்டுலயே எழுதியிருந்தீங்க. எனக்குத்தான் ஒறைக்கல. உங்க காது சாமி காது."

என் காதைப் பற்றி இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஹெட்போனைக் கழற்றி, மெல்லிய துணியால் இரண்டு பக்கமும் துடைத்து வைத்தேன்.

மதியம் மேடம் அழைத்தார். மேசையில் என் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன.

"சிந்துஜா, இந்த மனுஷர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ரெண்டு தடவ வாசிக்கறார். இப்படிப் போனா பரீட்சைக்குள்ள முடியாது. அடுத்த வாரமும் சொடுக்கு இருந்துச்சுன்னா மிச்சத்த வேற ஆளுக்குக் குடுத்துரலாம்."

"அவர் மாதிரி யாரும் வாசிக்க மாட்டாங்க மேடம்."

"அப்ப சொடுக்கோட அனுப்பிரலாமா?"

"அது... பிழைதானே மேடம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான உரையாடல் இது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெரு முழுக்க வெடி. ஹெட்போனை எதிலும் செருகாமல் சும்மா காதில் மாட்டிக்கொண்டு நாவல் படித்தேன். அம்மா வந்து, "விருந்தாளி வந்திருக்காங்க, அந்தக் கருமத்தக் கழட்டு" என்றார். நான் படித்த நாவல்களில் எந்த நாயகியையும் பலகாரத் தட்டோடு முன்னறைக்கு அனுப்பியதில்லை.

நவம்பர் 4, திங்கள்

"கே-3 சார், பல் டாக்டரப் பாத்துட்டேன். வலி இல்லீன்னா இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அவசரமில்லைன்னாங்க. நாந்தான் எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன். ஓடற மோட்டார்ல சத்தம் வந்தா நாங்க காத்திருக்க மாட்டோமில்லீங்களா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர, பேக்கரிக்கு மாடியில. சனிக்கிழமை வீக்கம் இருந்தாலும் வந்து வாசிச்சுருவேன். பசங்க பரீட்சை முக்கியம்."

ஒரு பல்லையே கொடுக்கிறார். என் சீட்டை நம்பி.

பெருமையாக இருந்தது என்று எழுதவேண்டும். இருந்தது.

நவம்பர் 6, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரஃபீக் தீபாவளி மைசூர்பாகு கொண்டுவந்தான். நெய்யில் மிதக்கும், வாயில் வைத்தால் கரையும் நம் ஊர்ச் சரக்கு. பதினோராம் அத்தியாயத்தை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலே ஒரு துண்டை வாயில் போட்டேன்.

டிக்.

கணினியைப் பார்த்தேன். பதிவு ஓடவில்லை. இரண்டாவது முறை மென்றேன். டிக். திருமூர்த்தி பேசவில்லை. அவர் பல் மட்டும் சொடுக்கியது.

வயரைப் பிடுங்கினேன். வாயைத் திறந்து மூடினேன். டிக். இடது பக்கம். தாடை அசையும்போது காதுத் திண்டு அசைகிறது. திண்டு அசையும்போது நான் பசையும் நூலும் போட்டுக் கல்லாக்கிய கீல் உராய்கிறது. அவ்வளவுதான்.

ரஃபீக்கிடம் சொன்னேன். முழுதாக அல்ல, கீல் என்று மட்டும். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாம ஒரே ஒரு மைக்ல பதிவு பண்றோம். ரெண்டு காதுக்கும் ஒரே சத்தந்தான் போகும். இடது பக்கம் மட்டும் எப்படி சிந்து கேக்கும்?"

இதைக் கவனிக்காதவள் கேட்டுத் திருத்துகிறவளாம். அவர் வாட்சைக் கழற்றினார், முக்காலியில் உட்கார்ந்தார், கொய்யாக்காய் தின்றார், பல்லைப் பிடுங்கப் போகிறார். எல்லோரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

"சரி, மத்தவங்க பதிவுல ஏன் கேக்கல?" என்றான் ரஃபீக்.

"தெரியல" என்றேன்.

தெரியும். எழுதப்போவதில்லை.

நவம்பர் 7, வியாழன்

ஐந்து சீட்டு எழுதிக் கிழித்தேன்.

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று ஒன்று. "மீள்பரிசோதனையில் சொடுக்கு இல்லை எனத் தெரியவருகிறது" என்று ஒன்று. எல்லாம் அரசாணை மாதிரி இருந்தன. எப்படி எழுதினாலும் அவர் ரஃபீக் கேட்டதைத்தான் கேட்பார். பாதிப் பதில் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அறுபது மோட்டாரைக் காதால் பிரிக்கிறவர் பாதிப் பதிலையும் பிரித்துவிடுவார்.

தவிர, சீட்டு அவர் கைக்குப் போவது சனிக்கிழமை. பல் போவது வெள்ளிக்கிழமை.

மேடத்திடம் தொலைபேசி எண் இருக்கிறது. கேட்டால் ஏன் என்பார். சொன்னால் ஹெட்போனை வாங்கி அலமாரியில் பூட்டுவார். இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

இன்று நிறையத் தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். அலுவலகம் போனதும் சொல்லிவிடுவது. சொன்னபோது மணி நாலரை.

மேடம் முழுதும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"கம்பெனிக்குள்ள போனை லாக்கர்ல வெச்சிருவாங்க. அஞ்சரைக்குத்தான் ஷிப்ட் முடியும்."

ஐந்தரைக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கும் எடுக்கவில்லை.

"நீயே போயிட்டு வா."

"மேடம், கேக்கறவங்க பேரை வாசிக்கறவங்களுக்குத் தெரியப்படுத்தக்கூடாதுன்னு..."

"அந்த ரூலைப் போட்டது நான். இன்னைக்கு எடுக்கறதும் நான். வண்டிச் சாவி எங்க?"

சாய்பாபா காலனியிலிருந்து சிங்காநல்லூர். லட்சுமி மில் சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் நகரவில்லை. ஆறு முப்பத்தைந்துக்கு மாடியேறினேன். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. பெஞ்சில் ஐந்து ஆண்கள், ஒரு அம்மா.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு அவர் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். பல் டாக்டரிடம் காத்திருப்பவர்களைப்போலப் பேசாதவர்கள் இந்த ஊரில் வேறெங்கும் இல்லை.

யாரிடமும் வலியப் பேசாத நான் பெஞ்சின் முன்னால் நின்று, "எத்தனையாவது நம்பருங்க போகுது?" என்று எல்லோருக்குமாகக் கேட்டேன். ஒருவர் ஏழு விரல் காட்டினார். ஒருவர் "ஏழு" என்றார், அவரில்லை. ஒருவர் தலையை மட்டும் அசைத்தார். நீலக் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ குழறினார். நிச்சயமாக அவரில்லை. கடைசி ஆளிடம் குனிந்து, "உங்களுக்கு எத்தனைங்க?" என்றேன். "ஒன்பது, நீ ஏன் கண்ணு கேக்கற?" என்றார். அவரும் இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரோ என்று படிக்கட்டு வரை போய்த் திரும்பினேன்.

உள்ளிருந்து நர்ஸ் எட்டிப்பார்த்தார். "திருமூர்த்தி, மரத்துப்போச்சுங்களா? உள்ள வாங்க."

நீலச்சட்டை எழுந்தது.

"வேண்டாங்க!" என்றேன். ஐந்து ஆண்களும் ஒரு அம்மாவும் நிமிர்ந்தார்கள். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "பல்ல எடுக்க வேண்டாங்க. நான்தான் கே-3."

அவர் என்னைப் பார்த்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஊசி போட்ட பக்கம் உதடு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக நான் அறிந்த குரல், பாதி வாயால் சொன்ன முதல் வார்த்தை:

"சாருங்களா?"

"சொடுக்கு உங்க பல்லுல இல்லீங்க. என் ஹெட்போன்ல. கீல் உடஞ்சிருந்துச்சு, நானே பசை போட்டு ஒட்டினேன். நான் வாயை அசைச்சா அது சொடுக்குது. உங்க பதிவு மொதல்லருந்தே சுத்தமா இருக்குதுங்க."

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். மோட்டாரை ஓடவிட்டுக் கேட்பவரின் முகம் அதுதான் போலும்.

"அப்ப மத்தவங்க பதிவுலயும் கேட்டிருக்கோணுமே?"

நவம்பர் எட்டாம் தேதி நான் சொன்னதை எழுதி வைக்கிறேன்:

"மத்தவங்க வாசிக்கறப்ப நான் வாயசைக்கறதில்லீங்க."

அந்த அம்மா "அட" என்றார். நர்ஸ் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். டாக்டரம்மாவே கையுறையோடு வெளியே வந்தார். "எடுக்கணுமா வேண்டாமா? ஊசி வீணாகுது."

"காது டாக்டரு வேண்டாங்கறாங்க" என்றார் திருமூர்த்தி.

"நான் மொதல்லயே அதத்தான சொன்னேன்! இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு. போங்க, ஒன்பதாம் நம்பர் வாங்க."

கீழே பேக்கரியில் உட்கார்ந்தோம். அவரால் டீ குடிக்க முடியவில்லை, வழிந்தது. நான் மட்டும் குடித்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அதற்குள் கையை நீட்டினார்.

"அதைக் கொண்டாங்க பாக்கலாம்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. மரூன் திண்டைப் பார்த்தார், கறுப்புத் திண்டைப் பார்த்தார். காதோரம் வைத்துக் கீலை மடக்கி விரித்தார். டிக்.

"உள்ள புஷ் தேஞ்சு போச்சுங்க. இத்தனூண்டு வளையம். அது மேல பசையப் போட்ட புண்ணியவான் யாருங்க?"

"நாந்தாங்க."

"பித்தளைல ஒண்ணு கடைஞ்சு போட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும். கம்பெனியில லேத் இருக்கு. அளவு எடுத்துக்கட்டுங்களா?" பில்லின் பின்புறத்தில் அளவு குறித்தார். சட்டைப்பையில் எப்போதும் அளவுகோல் வைத்திருக்கிற ஆள். குறித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் அதிகாரங்களும் கடமைகளும்னு ஒரு அத்தியாயம் வாசிச்சனுங்களே. அதுக்குக் கூடவா வாயசச்சீங்க?"

"அதுலதாங்க இருபத்து நாலு."

பாதி முகத்தால் சிரித்தார். மற்றப் பாதிக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

நவம்பர் 13, புதன்

மேசையில் ஒரு தீப்பெட்டி. உள்ளே பஞ்சின் மேல் இரண்டு பித்தளை வளையங்கள், மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை. சீட்டில்: "ஒண்ணு இடதுக்கு. இன்னொண்ணு வலதுக்கு, அது தேயறப்ப. பசைய ஊசியால சொரண்டி எடுங்க, கத்தி வேண்டாம்." மேலே ‘கே-3 சார்’ என்றுதான் ஆரம்பித்திருந்தார்.

நூலைப் பிரிக்க ஒரு மணி நேரம், பசையைச் சுரண்ட இரண்டு மணி நேரம். வளையம் உட்கார ஒரு நொடி. மடக்கினேன், விரித்தேன். சத்தமே இல்லை. கறுப்பு, மரூன், நடுவில் ஒரு பொட்டுத் தங்கம். ரஃபீக் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டுக்கு மூக்குத்தியா?" என்றான்.

அலமாரிச் சாவியோடு வந்த மேடமும் பார்த்தார். "வெச்சுக்கோ. ஆனா இனிமேல் சொடுக்குன்னு எழுதறதுக்கு முன்னால ரஃபீக் ஹெட்போன்லயும் கேக்கணும்."

நியாயம்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

பதினாறாம் அத்தியாயம் முடிந்தது. நான் திருத்தச் சொல்லி அவர் இரண்டாம் முறை வாசித்த எதுவும் தேவைப்படவில்லை, முதல் முறை வாசித்ததையே ரஃபீக் சேர்த்திருக்கிறான். இருபத்து மூன்று பேருக்கும் பதிவு போய்விட்டது.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுதும் கேட்டேன். வேலைக்காக இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வாயை நன்றாக அசைத்து, கடைசிப் பக்கம் வரை. ஒரு சொடுக்கும் இல்லை.

கடைசிச் சீட்டில் எழுதினேன்: "பிழை இல்லை. சிந்துஜா."

ஜனவரி 18, சனி

அந்தக் கடைவாய்ப்பல் பொங்கலன்று கரும்பு கடித்தபோது உண்மையாகவே வலிக்க ஆரம்பித்து, இன்று மாலை ஆறரைக்குப் பிடுங்கினார்கள். துணைக்கு நான் போயிருந்தேன்.